டோக்கன் கூண்டிலிருந்து பார்த்த ஆட்டம்

சென்ற மே மாதம் என் மகளும் மாப்பிள்ளையும் ஐந்து வாரம் என் வீட்டில் வந்து தங்கினார்கள். நங்கநல்லூரில் அவர்கள் ஃபிளாட்டின் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டத் தொடங்கியிருந்தது. தரையை முழுவதும் பெயர்த்துப் போட்டால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார்கள். சாந்தோம் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை உள்ள வீடு என்னுடையது. கணவர் போன பிறகு ஆறு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடமும் விடுமுறை. மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு மே மாதத்தில் வேறு என்ன வேலை? வாருங்கள் என்று சொன்னேன்.

மகளை நினைத்துச் சொன்னேனே தவிர, மாப்பிள்ளையை நினைத்துப் பார்க்கவில்லை. அவள் ஒன்பது மணிக்கு அடையாறில் இருக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். அவருக்கோ வீட்டிலிருந்தே வேலை. அதுவும் வெளிநாட்டுக்காரர்களோடு என்பதால் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ஆரம்பம். காலை முழுவதும் நானும் அவரும் மட்டும்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் அவர் என்னை அத்தை என்று ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, கூச்சம்தான். என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார். நானும் அவரிடம் மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா, காபி போடட்டுமா, ஃபேனைக் கூட்டவா. இந்த மூன்றையும் முதல் நாள் காலை பத்து மணிக்குள் கேட்டு முடித்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் ஹாலில் டிவியோடு தன்னுடைய விளையாட்டுப் பெட்டியை இணைத்து ஏதோ ஆடிக்கொண்டிருந்தார். தினமும் ஆடுவதுதான். கார் ஓட்டுவார், பந்து உதைப்பார். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

அன்றைக்கு வந்த சத்தம் வேறு. முதலில் இரண்டு மணிச் சத்தம், பிறகு தகரத்தில் தட்டுவதுபோல ஒரு தாளம், அதன்மேல் ஏறி ஏறிப் போகும் ஒரு மெட்டு. நெத்திலித் தலையைக் கிள்ளிய விரல் அப்படியே நின்றது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மெட்டு திரும்புகிற இடத்தில் என்னையறியாமல் குரல் கொடுத்தேன்.

"மேல போகாதீங்க! இடது பக்கமா அஞ்சு வரும்!"

அவர் விமானம் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. வெடிச் சத்தம் கேட்டது. பிறகு மெட்டும் நின்றது. கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார். இந்த முறை நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சே."

"இது ரொம்பப் பழைய கேம். கடைகள்ல பெரிய பெட்டி பெட்டியா வச்சிருப்பாங்களே, அந்தக் காலத்து கேம். இப்பதான் இந்த மாதிரி வீட்டு மெஷினுக்குத் திரும்பக் கொண்டு வந்திருக்காங்க."

"தெரியும். சிவப்பு விமானம் ஒண்ணு தனியா வரும் பாருங்க, அதை விடாதீங்க. அதுலதான் பெரிய குண்டு கிடைக்கும்."

அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நெத்திலியை ஆய்ந்தபடியே சொன்னேன். என் மகளுக்கும் அதுவரை தெரியாத கதை. ஒளித்து வைத்ததில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பி.ஏ. முடித்துவிட்டு பி.எட். சேரக் காத்திருந்த சமயம் அது. எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் வீடியோ கேம் கடை போட்டார். டோக்கன் கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். தெரிந்த மனிதர், பகல் வேலை என்பதால் அப்பாவும் சம்மதித்தார். ஒன்றரை வருடம் அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். காலையில் போனதும் மெயின் சுவிட்சைப் போடுவது என் வேலை. போட்டால் பன்னிரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். கூண்டுக்கு நேர் எதிரில் நின்றது இந்த விமானச் சண்டை மெஷின். எப்போதும் இரண்டு பையன்கள் தோளோடு தோள் உரசி நின்று ஆடுவார்கள். அந்த இரண்டு தோள்களுக்கு நடுவில் தெரிந்த இடைவெளியில்தான் அந்த ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை.

"நீங்க ஆடினதே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை. ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆடு என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைக்குள் பெண் என்று வந்தவள் நான் ஒருத்திதான், நானும் கூண்டுக்குள். ஆட்டம் நடக்கும்போது ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். ராயப்பேட்டையிலிருந்து வரும் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சி, அங்கயே நின்னுக்கினு கீற? மேல பாரு!"

"நீ வேற, சும்மா இரு நைனா!"

பெரிய விமானம் இறங்கி வருகிறது. ஒருவன் கையில் குண்டு இருக்கிறது, போடாமல் வைத்துக்கொண்டிருக்கிறான். பொறுக்க முடியாமல், "குண்டைப் போடு!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்கள். நான் குனிந்து டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தேன். கன்னம் சுட்டது. அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. அவன் குண்டைப் போட்டானா என்றுகூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "வாங்க, ஆடலாம்" என்றார்.

"கையெல்லாம் மீன்."

"கழுவிட்டு வாங்க. நான் வெயிட் பண்றேன்."

புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். டிவித் திரை முழுவதும் படம் இல்லை. நடுவில் மட்டும் ஒல்லியாக, நெட்டுக்குத்தாக நின்றது. அந்தக் காலத்து மெஷின் திரை அப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மிச்சமிருந்த இடத்தில் விமானங்கள் வரைந்த படத்தை வைத்து நிரப்பியிருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. நடுவில் ஓடிய நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன, ஆறா?"

"ஆமா. படகெல்லாம் போகுது பாருங்க."

ஒன்றரை வருடம் அதைத் தார்ச்சாலை என்று நினைத்திருக்கிறேன். எங்கள் கடை மெஷினில் நிறம் வெளுத்து நீலமெல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். படகுகளை லாரி என்று எண்ணியிருந்தேன். சாலையில் லாரிகள் ஏன் இப்படி ஆடி ஆடிப் போகின்றன என்று அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

கட்டுப்படுத்தும் கருவியை என் கையில் கொடுத்து, இடது கட்டைவிரலால் நகர்த்த வேண்டும், வலது கட்டைவிரலால் சுட வேண்டும் என்று காட்டினார். எங்கே என்ன வரும் என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். கைதான் கேட்கவில்லை. வலது பக்கம் போக நினைத்தால் உடம்பு முழுவதும் சோபாவில் வலது பக்கம் சாய்ந்தது, விமானம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பத்து நொடிகூடத் தாங்கவில்லை. மறுபடியும் ஆடினேன். மறுபடியும் வெடித்தேன். நெத்திலிக் குழம்பு அன்றைக்கு ஒன்றரை மணிக்குத்தான் இறங்கியது.

மறுநாளும் ஆடினோம், அதற்கு மறுநாளும். மகள் கிளம்பியதும் சமையலை அவசர அவசரமாக முடித்துவிடுவேன். அவர் இரண்டாவது கருவியையும் சார்ஜில் போட்டு வைத்திருப்பார்.

எங்களுக்குள் முதல் சண்டை வந்ததும் அந்த வாரம்தான். இந்தப் புதிய வடிவத்தில் ஒரு பொத்தான் உண்டு. அடிபட்டதும் அதை அழுத்தினால் ஆட்டம் சில நொடிகள் பின்னால் போகும், அதே இடத்தை மறுபடி ஆடலாம். நான் அதை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அது சீட்டிங்" என்றார். "அந்த பட்டனைத் தொடாம ஆடணும்."

"எங்க கிளாஸ்ல புள்ளைங்களுக்குப் பென்சில்தான் குடுக்கிறோம், பேனா இல்ல. தப்பா எழுதினா அழிச்சிட்டு எழுதட்டும்னுதான்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீங்க எத்தனை வருஷமா இந்த கேமெல்லாம் ஆடிக்கிட்டு இருக்கீங்க, நான் எத்தனை நாளா ஆடறேன்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே திருப்தி. மூன்று வருடத்தில் சண்டை போடுவதற்குக்கூட எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லையே. மாலையில் அவரே ஒரு வழி சொன்னார். பழகும்போது அந்தப் பொத்தானை அழுத்தலாம், உண்மையாக ஆடும்போது கூடாது. ஒப்புக்கொண்டேன்.

நான்காவது வாரத்தில் எனக்குக் கை வந்துவிட்டது. ஐந்தாவது கட்டம் வரை ஒன்றாகப் போனோம். அதற்கு மேல் என்ன வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். எங்கள் கடையில் ஒருவன்கூட ஐந்தைத் தாண்டியதில்லை. அவர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆட்டத்தை எளிதாகவோ கடினமாகவோ வைக்கலாமாம். பழைய மெஷின்களில் அதற்கு உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்குமாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து பின்பக்கக் கதவைத் திறந்து எதையோ திருப்பிவிட்டுப் போவார். மறுநாள் பையன்களெல்லாம், "இன்னாக்கா, மெஷின் சரியில்லக்கா" என்று கூண்டுக்கு வந்து முறையிடுவார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புவேன். பாவம், அந்தப் பையன்கள்.

ஆறாவது கட்டத்தில் என் அறிவெல்லாம் தீர்ந்துபோனது. இனி அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. மேகத்துக்குள்ளிருந்து எது வரும் என்று இருவரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம்.

"அத்தை, ரைட்ல! ரைட்ல வருது! அத்தை!"

அத்தை என்று அவர் என்னை முதன்முதலாகக் கூப்பிட்டது அப்போதுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் கவனிக்க எங்கே முடிந்தது? பெரிய விமானம் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு இறங்கியது. அவரிடம் கடைசிக் குண்டு ஒன்று இருந்தது. போடாமல் வைத்திருந்தார்.

"போடுடா டேய்! என்னத்துக்குடா வச்சிருக்க? போடு!"

போட்டார். திரை வெள்ளையானது. பெரிய விமானம் துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. இருவரும் ஒன்றாகக் கத்தினோம். கத்தி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வாசல் பக்கம் ஒரு பை விழுகிற சத்தம் கேட்டது. தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பியிருந்த என் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"மம்மி! யாரை டேய்னு சொல்ற?"

மாப்பிள்ளையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க, வேணும்னு சொல்லல, ஏதோ வேகத்துல வந்துடுச்சு" என்றேன்.

"விடுங்க அத்தை. கரெக்டாதான் சொன்னீங்க. நான் லேட் பண்ணிட்டேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழாவது வருது, ரெடியா இருங்க."

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் அந்தக் கடைக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "இதையெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று குறைபட்டாள். தலைவலி எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, அந்தப் பொத்தானைத் தொடாமலேயே கடைசிக் கட்டத்தை முடித்தோம். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். கறுப்புத் திரையில் மூன்று வரி ஆங்கிலம் வந்தது. வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள், அதில் இரண்டு எழுத்துப் பிழை. சுட்டிக்காட்டினேன். "மிஸ் வந்துட்டாங்க" என்று மகள் சிரித்தாள். அதோடு ஆட்டம் தானாகவே முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு ஏமாற்றமாக இல்லை. எழுந்துபோய் மூன்று பேருக்கும் காபி போட்டேன்.

நங்கநல்லூர் வீட்டில் இப்போது தண்ணீர் ஒழுகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ்ஸும் மெட்ரோவுமாக அங்கே போய்விடுகிறேன். மாப்பிள்ளை வாரத்தில் இரண்டு முறையாவது போன் செய்கிறார். மகளிடம் கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு முன்னால் அரை மணி நேரம் போய்விடுகிறது. அத்தை என்று கூப்பிடுவதில் அவருக்கு இப்போது தயக்கம் ஒன்றும் இல்லை. நான் மட்டும் 'நீங்க' என்பதில் கவனமாக இருக்கிறேன், ஆட்டம் இல்லாத நேரத்தில்.

இரண்டு வாரமாக வேறொரு ஆட்டம் தொடங்கியிருக்கிறோம். அதுவும் பழைய மெஷினிலிருந்து திரும்பி வந்ததுதான், ஆனால் எங்கள் கடையில் இருந்ததில்லை. இதில் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். மகளும் உட்காருகிறாள். மூவரில் மோசமாக ஆடுவது அவள்தான், ஆனால் மற்ற இருவரையும் அதட்டுவதும் அவள்தான். போன ஞாயிறு வரை இரண்டாவது கட்டத்தைத் தாண்டவில்லை. அவசரமும் இல்லை.