முத்துராமலிங்கம் பார்த்த சனி

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ் நின்று போகும் ஊர் அது. அங்கே முத்துராமலிங்கத்தை நிலம் நீச்சுள்ளவர் என்பதைவிட, அம்மன் கோயிலில் முதல் பரிவட்டத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில்தான் பெருமை. அந்தத் துணி முதலில் தன் தலைக்கா, தம்பி முறையான பங்காளி பொன்னுச்சாமி தலைக்கா என்று வந்த தகராறில், முளைப்பாரி வளர்த்துக் கும்மி கொட்டுகிற முளைக்கொட்டுத் திருவிழாவே நின்று வருஷக்கணக்காகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

1990 ஆவணியில், முருகேஸ்வரி என்ற டீச்சர் ராமநாதபுரத்திலிருந்து தொலைநோக்கியோடு வந்தார். பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் சனிக் கிரகத்தைக் காட்டினார்.

"அவரு நம்மளப் பாத்தது போதாதா? நான் வேற போயி அவரப் பாக்கணுமா?" என்ற முத்துராமலிங்கத்தை, "சும்மா வாங்க, ஊரே அங்கன நிக்கிது" என்று மனைவி நாகலெட்சுமிதான் கிளப்பினாள்.

குனிந்து பார்த்தார். இருட்டுக்குள் சின்ன வெளிச்சம், அதைச் சுற்றி வளையம். கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

"அங்கன ஆளுக இருக்காகளா டீச்சர்?"

"அதுல இருக்க முடியாதுங்கய்யா. ஆனா மேல மினுக்குற நட்சத்திரம் ஒவ்வொண்ணும் ஒரு சூரியன். அதுகளச் சுத்தியும் பூமி மாதிரி இருக்கலாம், ஆளுகளும் இருக்கலாம். நமக்குத்தான் இன்னும் தெரியல."

"அவுகளுக்கு நம்மளத் தெரியுமா?"

"அங்கேருந்து பாத்தா நம்ம சூரியனே ஒரு புள்ளி. பூமி கண்ணுலயே படாது."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இங்கன நீ பெருசா, நான் பெருசான்னு கெடக்கோம். சூரியனே புள்ளியாமுல்ல" என்றார். நாகலெட்சுமி மோரை ஊற்றினாள்.

மறுவாரம் ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னார். "பொன்னுச்சாமிக்கே மொதல்ல கட்டுங்க. எனக்குக் கடைசியாக் கட்டுனாலும் சரி, கட்டாட்டியும் சரி."

யாரும் நம்பவில்லை. பொன்னுச்சாமி எழுந்து, "இதுல என்ன சூது வச்சிருக்கீக?" என்றார்.

"சூது ஒண்ணுமில்லப்பா. ஆத்தாளுக்குக் கொட்டு அடிச்சு எம்புட்டு நாளாச்சு."

அது பாதி உண்மைதான். மீதியைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

புரட்டாசியில் முளைப்பாரி வளர்த்தார்கள், கும்மி கொட்டினார்கள். பொன்னுச்சாமி தலையில் துணி ஏறியபோது முத்துராமலிங்கத்துக்கு வயிறு எரியத்தான் செய்தது. அண்ணாந்து பார்த்தார், ஒரே மேகமூட்டம்; ஒரு நட்சத்திரமும் இல்லை. அப்போது பொன்னுச்சாமியே திருநீற்றுத் தட்டோடு கூட்டத்துக்குள் வந்து, "எடுத்துக்கங்கண்ணே" என்றார். வருஷக்கணக்குக்குப் பிறகு அந்த 'அண்ணே'யைக் கேட்ட இவர், திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

அதற்கப்புறமும் அவர் கோபக்காரர்தான். மிளகாய்க் கொல்லையில் ஆடு நுழைந்தால் ஊரே கேட்கக் கத்துவார். கோயிலில் மட்டும், கிடைத்த இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.