ஹேமிஷின் முழங்கால்

லிஃப்டின் கதவு திறந்ததும், தசைநோவுக்குப் பூசும் நோவெண்ணெய் மணம் மூக்கில் ஏறினால், ஹேமிஷ் சற்று முன்தான் ஏறிப் போயிருக்கிறார் என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடி ஒன்றில் பதினோராம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு எதிர்க் கதவில் இருந்தவர் அவர். ஸ்கொட்லாந்துக்காரர், காசுக்கு உதைபந்தாடுபவர், அந்த நகரத்துக் கழகம் ஒன்றுக்கு நடுக்களத்தில் விளையாட வந்தவர். எனக்கு ஒன்பது வயது. என்னை 'ஹென்' என்று கூப்பிடுவார். பிள்ளையைக் கோழி என்கிறானே என்று அம்மா முதலில் கொதித்தார். அவர்களுடைய ஊரில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அவருடைய தகப்பனும் தமையனும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக, இவர் மட்டும் பதினைந்து வயதில் ஒரு கழகத்தில் சேர்ந்து பெரிய ஆட்டக்காரர்களின் சப்பாத்துகளைத் துடைத்து, பதினேழு வயதில் முதல் ஆட்டம் ஆடியிருக்கிறார். அன்று அணித்தலைவர் காதுக்குள் சொன்னதையே பதினாறு வருடமும் தொழிலாகச் செய்தார்: ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் எதிரணியின் கெட்டிக்காரனை ஒருமுறை பலமாக விழுத்திவிட வேண்டும், அவ்வளவு நேரத்தோடு எந்த நடுவரும் ஆளை வெளியே அனுப்பமாட்டார். இங்கிலாந்தின் இரண்டாந்தர, மூன்றாந்தரக் கழகங்களில் இப்படியே ஆடி மூக்கு மூன்று முறை உடைந்து, முன்பற்கள் நான்கும் போய்விட்டன. கட்டுப்பல்லைக் கழற்றிக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்குவார். "இவர் கோல் அடிக்கிறவர் இல்லை, கோல் அடிக்கிறவனுக்கு அடிக்கிறவர்" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவர். இங்கே வந்தபின், சோதனை எழுதி லைசென்ஸ் எடுக்கும்வரைக்கும், ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் பிறத்தியாரின் சிறுநீர்க் குப்பிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவரும் நானும் நூலகத்திலிருந்து வந்து சப்வே ரயில் நிலையத்தின் படிகளில் ஏறும்போது மூன்று இளைஞர்கள் வழியை மறித்தார்கள். அந்த நாட்களில் எங்களைப் போன்ற நிறமுள்ள எல்லோருக்கும் தெருவில் ஒரே பெயர்தான், 'பாக்கி', பாகிஸ்தான்காரன் என்பதன் வசைச் சுருக்கம். அப்பா 'சொறி' என்று சொல்லி ஒதுங்கியதுதான் தெரியும். அவருடைய மூக்குக்கண்ணாடி என் காலடியில் நொறுங்கியது. விழுந்தவரின் விலாவில் ஒருவன் சப்பாத்தால் உதைத்தான். மற்றவன் தலைமயிரைப் பிடித்துப் படியின் விளிம்பில் முகத்தை இடித்தான். அப்பா தன் புத்தகப் பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஏறி இறங்கிய ஆட்கள் சுவரோரமாக விலகிப் போனார்கள்.

ஹேமிஷ் மேலிருந்து இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. அப்பாவின் தலையைப் பிடித்திருந்தவனின் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் ஒரே உதையில் வாரிவிட்டார். அவன் ஏழெட்டுப் படி உருண்டு போய் விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரிக் கத்தினான். அடுத்தவனின் முகத்தில் தன் நெற்றியால் இடித்தார். இரத்தம் என் வெள்ளைக் காலுறையில் தெறித்தது. மூன்றாமவன் ஓடிவிட்டான். ஹேமிஷின் முகத்தில் கோபமே இல்லை. காலையில் வேலைக்குப் போய் வேலையைச் செய்கிற ஆளின் முகமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இரண்டு உதை போட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார். இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பார். ஓகஸ்ட் மாதம் ஒருநாள் அவர் காற்சட்டையை மடித்து வலது முழங்காலைக் காட்டினார். தேங்காய் அளவில் வீங்கியிருந்தது. கழகத்து டொக்டர் இனிமேல் வலி தெரியாமல் விறைக்க வைக்கும் ஊசி போடமாட்டேன் என்று கைவிரித்துவிட்டாராம். இன்னும் ஓர் ஆட்டம்தான் மிச்சம். அதில் முழுநேரமும் நின்று ஆடினால் அடுத்த இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம், இல்லாவிட்டால் முப்பத்துமூன்று வயதில், வேறு ஒரு தொழிலும் தெரியாமல், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மருந்தைத் தானே கொண்டுவந்திருந்தார், அப்பா அதை ஏற்றிவிட்டால் போதுமாம்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். லைசென்ஸ் இல்லாதவர் ஊசி போட்டார் என்று தெரிந்தால் டொக்டர் வேலையை அப்படியே மறந்துவிட வேண்டியதுதான். வலி தெரியாத காலோடு இந்த ஆட்டம் ஆடினால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். அம்மாதான் முடிவாகச் சொன்னார்: "இஞ்சருங்கோ, அந்த மனிசன் இல்லாட்டி நான் இண்டைக்கு வெள்ளைச் சீலையோடை நிண்டிருப்பன். கேட்டதைச் செய்து குடுங்கோ."

ஆட்ட நாள் காலையில், ஊரிலிருந்து வந்த கண்ணாடி ஊசியை அப்பா பால் காய்ச்சும் சட்டியில் போட்டு அவித்தார். ஹேமிஷ் சமையலறைக் கதிரையில் இருந்து, ஒரு துவாயைப் பல்லில் கடித்துக்கொண்டார். அப்பா முதலில் முழங்காலுக்குள் இருந்த நீரை இழுத்தார். அது இரத்தங் கலந்து சிவப்பாக வந்தது. பிறகு மருந்து ஏறியது. ஹேமிஷ் பிடித்த பிடியில் கதிரையின் கைப்பிடி முறிந்துவிடும் போலிருந்தது. முடிந்ததும் அவர் எழுந்து இரண்டு தரம் துள்ளிக் காட்டிச் சிரித்தார். அம்மா அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு பால் காய்ச்சவேயில்லை.

ஆட்டத்துக்கு எங்களுக்கும் ரிக்கெற் தந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் எதிரணியின் பத்தாம் இலக்கக்காரனை அவர் வழமைபோல விழுத்தினார். அவன் எழுந்து நொண்டிப் போனான். இடைவேளைக்குச் சற்று முன்பு, இருவருக்கும் நடுவில் பந்து கிடக்க, இருவரும் ஓடி வந்தார்கள். அவன் பந்தைப் பார்க்கவேயில்லை. ஆணி அடித்த சப்பாத்தோடு ஹேமிஷின் முழங்காலின் மேல் நேராகக் குதித்தான். காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம் நாங்கள் இருந்த இடம்வரை கேட்டது.

வலி தெரியாததால் ஹேமிஷ் எழுந்து ஓடப் பார்த்தார். கால் தப்பான பக்கத்துக்கு மடிந்தது, விழுந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். குடிவெறிகாரன் போல விழுவதைப் பார்த்துச் சனம் சிரித்தது. பிறகுதான் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார், சனமும் பார்த்தது. அப்பா பாதி எழுந்தார். அம்மா அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். அப்பா திரும்ப இருந்துவிட்டார்.

ஊசி போட்டது யார் என்று கழகத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்களாம். நானேதான் போட்டேன் என்றாராம் ஹேமிஷ். தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டவனுக்கு நட்டஈடு இல்லை என்று அவர்கள் கைகழுவிவிட்டார்கள். பதினாறு வருடத் தொழில் அந்தப் பதிலோடு முடிந்தது.

ஒக்ரோபரில், சாமான்களை எடுத்துப்போக ஊன்றுகோல்களோடு வந்தவர் லிஃப்டில் எங்களோடு ஏறினார். நோவெண்ணெய் மணம் இல்லை. "ஹலோ, டொக்டர்" என்றார். சிறுநீர்க் குப்பிக்கு இலக்கம் ஒட்டுகிற அப்பாவை இந்த நாட்டில் அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரும் லிஃப்டில் நின்றார். அப்பா கதவுக்கு மேலே மாறுகிற இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அப்பாவைப் போலவே இலக்கங்களைப் பார்த்தேன். பதினொரு மாடியும் ஏறும்வரை அப்படியே நின்றோம். அடுத்த வருடம் அப்பாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. என் படிப்பும் எங்கள் வீடும் அதில் வந்தவைதான்.

இப்போது அப்பா பிக்கரிங்கில் என்னோடு இருக்கிறார். அந்தக் கழகம் கலைந்துவிட்டது, மைதானமும் இல்லை. ஹேமிஷ் எங்கே போனார் என்று நாங்கள் தேடவில்லை, தேட வெட்கமாக இருந்தது. அப்பாவின் ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா இறந்ததை மறந்துவிட்டார், பல நாட்களில் என் பெயரும் வருவதில்லை. போன கிழமை ரீவியில் ஓர் ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழ, என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, எதிர்க்கதவு மனிசன் ஆஸ்பத்திரியிலை என்ரை பேரைச் சொல்லிப்போட்டானோ?"

"இல்லையப்பா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அப்பா."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். பிறகு கதிரையைப் பிடித்து எழும்பி, "அப்ப வா, ஒருக்காப் போய் அந்தாளின்ரை காலைப் பாத்திட்டு வருவம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அவர் கதவடிக்குப் போய்ச் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.