மூன்று தாளில் மூன்று பெயர்: கொல்கத்தாவில் என் முதல் பதினான்கு நாள்

முதல் நாள், காலை பத்து மணி. கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். கொல்கத்தா விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டி, முத்திரை குத்தினார். "வேலை விசா. பதினான்கு நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்" என்றார். அது தாராளமாகப் போதும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் மலேசியாவில் தைப்பிங் ஊர்க்காரி. பதினாறு ஆண்டுகள் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுத்தேன். தென் கொல்கத்தாவில் ஒரு அகாடமி பெண்கள் அணிக்குப் பயிற்றுநர் தேடியது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. இருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

நான் தங்க வேண்டிய லேக் கார்டன்ஸுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். மழையும் நெரிசலும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். மஞ்சள் டாக்ஸிக்கு எழுநூறு ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மெட்ராஸா?" என்றார். மலேசியா என்றேன். "அங்கேயும் மெட்ராஸ்காரர்களா?" எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், நிறையப் பேர் என்றேன். அடுத்த சிக்னல் வரைக்கும் அவர் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

அகாடமி எனக்காகப் பார்த்து வைத்திருந்தது சுபத்ரா அக்கா வீட்டு மாடி. காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். அவர் குடும்பம் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்து நூறு வருடம் ஆகிவிட்டதாம். தமிழ் பேசும்போது நடுநடுவே வங்காளம் வந்து விழும். "வாம்மா, முதல்ல சாப்பிடு. அப்புறம் உன் பாஸ்போர்ட்டக் குடு" என்றார். வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். சாம்பார் சாதத்தை நான் முடிப்பதற்குள் அதை முடித்திருந்தார்.

மூன்றாம் நாள். பங்கு ஆட்டோவில் பதினைந்து ரூபாய் கொடுத்து லேக் மார்க்கெட் போனேன். முருங்கைக்காய், வாழையிலை, அப்போதே அரைத்துக் கொடுக்கும் காப்பித்தூள். கடைக்காரர் தமிழில் விலை சொல்லி, பக்கத்து ஆளிடம் வங்காளத்தில் சண்டை போட்டார். அன்று மாலையே பதிவுக்கு விண்ணப்பித்தேன்.

ஒன்பதாம் நாள், காலை எட்டரை. மின்னஞ்சல் வந்தது. பெயர் ஒத்துப்போகவில்லை, விளக்கம் தேவை என்றிருந்தது. தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். கடப்பிதழில் 'தவமலர் ஏ/பி பெருமாள்'. விசாவில் சாய்கோடு விட்டுப்போய் 'தவமலர் ஏபி பெருமாள்'. அகாடமியின் ஒப்பந்தத்தில் வெறும் 'தவமலர் பெருமாள்'. மலேசியாவில் அந்த 'ஏ/பி'யை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலாயில் 'அனாக் பெரெம்புவான்', மகள் என்று பொருள். இங்கே அது யாருக்குத் தெரியும்?

அகாடமிக்குப் போன் செய்தேன். "பதிவு ஆகிற வரைக்கும் உங்களை மைதானத்தில் இறக்க முடியாது, மேடம்" என்றார் அலுவலகப் பெண். குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் முடியாது என்பது முடியாதுதான். நாள் தாண்டினால் அபராதம். விண்ணப்பமே தள்ளுபடியானால் திரும்பிப் போக வேண்டும், அங்கே என் இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் சேர்ந்திருந்தார். படியிறங்கி வந்தபோது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுபத்ரா அக்கா என் முகத்தைப் பார்த்தே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"பேர்தானே? இதுக்கா இப்படி இருக்கே? ஹோயே ஜாபே. ஆயிடும். நாளைக்கு அரை நாள் லீவு போடறேன், அலிப்பூர் போவோம்."

பத்தாம் நாள். அலிப்பூர் நீதிமன்றத்துக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாகத் தட்டச்சுக்காரர்கள். ஒருவர் முன்னால் அக்கா என்னை உட்கார வைத்தார். தாஸ்பாபு என்று பெயர். மூன்று பெயரும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க வேண்டும்.

"டைட்டில் என்ன?" என்று கேட்டார் தாஸ்பாபு. குடும்பப் பெயரை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள்.

"டைட்டில் இல்லை."

"டைட்டில் இல்லாமல் எப்படி?"

அக்கா வங்காளத்தில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்துல என்னையும் இப்படித்தான் கேட்டா. வைத்தியநாதன்னு எங்கப்பா பேரைச் சொன்னேன். அன்னிலேருந்து ஊருக்கே நான் மிஸ் வைத்தியநாதன். போஸ்ட்மேன் எங்கப்பாவத் தேடிண்டு வந்து என் லெட்டரக் குடுப்பான்." அதையே வங்காளத்தில் கேட்டிருந்த தாஸ்பாபுவும் சிரித்தார். ஆனால் பெருமாள்தான் என் தகப்பன் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்.

என் பிறப்புப் பத்திரம் தைப்பிங்கில் இருந்தது. அப்பாவுக்குக் காணொலி அழைப்புப் போட்டேன். அங்கே மணி இரண்டரை கூடுதல். மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு அலமாரியைக் குடைந்தார். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கத் தாள்.

"தெரியுதா?"

"தலைகீழா இருக்குப்பா."

திருப்பினார். "இப்ப?"

"இப்பத் தெரியுது. தங்கச்சிகிட்டக் குடுத்து நல்லாப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"எம் மகதான்னு நான் வேணும்னா அவருகிட்டச் சொல்றேன். போனக் குடு."

கொடுத்தேன். அப்பா தமிழில் சொன்னார், தாஸ்பாபு வங்காளத்தில் பதில் சொன்னார். இருவரும் திருப்தியாகவே பேசி முடித்தார்கள்.

படம் வந்தது. பத்திரம் மலாய் மொழியில் இருக்கிறதே, மொழிபெயர்ப்புக்கு எங்கே போவது என்று நான் தவித்தேன். தாஸ்பாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாபா... நாமா..." திடுக்கென்று நிமிர்ந்தார். "பாபார் நாம்! அரே, இது வங்காளம்தானே!" பக்கத்துத் தட்டச்சுக்காரர்களைக் கூப்பிட்டு என் கைப்பேசியைக் காட்டினார். மலாயில் 'பாபா' தகப்பன், 'நாமா' பெயர்; வங்காளத்திலும் கிட்டத்தட்ட அதே சொற்கள். முப்பத்தெட்டு வயது வரைக்கும் பார்த்த பத்திரம்தான். அலிப்பூரில் ஒருவர் படித்த பிறகுதான் அந்தச் சொற்களை நான் கவனித்தேன். முறைப்படியான மொழிபெயர்ப்பும் செய்தோம், அது வேறு விஷயம். ஆனால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பன்னிரண்டாம் நாள், பகல் பன்னிரண்டு மணி. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா மறுபடியும் விடுப்பு எடுத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. எல்லாத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மூன்று பேரும் நீங்கள்தானா?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான், மேடம்." சொல்லும்போதே இருமல் வந்தது.

அவர் தம் தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பெயரையும் எழுதி, மூன்றின் கீழும் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன விளையாட்டு, பெண்களா, எத்தனை வயது என்றெல்லாம் விசாரித்தார். அது விசாரணையா பேச்சா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்தபோது சொன்னார்: "என் மகளும் ஆடுகிறாள். உங்கள் அகாடமியில் இல்லை. பார்க்கிறேன், போங்கள்."

பதிமூன்றாம் நாள் எதுவும் வரவில்லை. அக்கா செய்த கத்திரிக்காய் வறுவலின் ருசிகூடத் தெரியவில்லை.

பதினான்காம் நாள், காலை பதினொன்று நாற்பது. கைப்பேசி ஒலித்தது. பதிவு முடிந்தது, சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்று செய்தி. அக்காவின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "ஹோயே கேலோ! ஆயிடுத்து!" என்று அவர் கத்தியதில், அங்கே எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ. மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் பதினோரு பெண்கள் மட்டையோடு நின்றார்கள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. விசாவை ஒருமுறை நீட்டித்தும் விட்டேன்.

போன மாதம் விடுப்பில் தைப்பிங் போயிருந்தபோது கடப்பிதழைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். பலமுறை போயிருக்கிறேன், சுவரோரம் தாள்களோடு நிற்கும் வங்காளதேசத்து ஆட்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். எதற்காக நிற்கிறார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. இந்தமுறை ஒருவர் மலாய்ப் படிவம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடந்து போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை அவருக்கு. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வங்காளத்தில், "எந்த இடம் புரியவில்லை, அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் வங்காளியா?"

"இல்லை. கொல்கத்தாவில் வேலை பார்க்கிறேன். அங்கே நான் வெளிநாட்டுக்காரி."

படிவத்தை என் மடியில் வைத்தார். என் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்து போகவில்லை. புது எண் வாங்கிக்கொள்ளலாம். பேனாவைத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.