மூக்கன் சொன்னால் சரி

மூக்கன் என்ற பெயரை அவனுக்கு வைத்தது பெற்றவர்கள் இல்லை, இரவுச் சந்தை. அப்படியொன்றும் பெரிய மூக்கும் இல்லை. சராசரி மூக்குதான், நுனியில் மட்டும் சின்னதாக ஒரு தழும்பு. ஆனாலும் அந்த மூக்கை நம்பி ஒரு தெருவே அடுப்பு மூட்டியது. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும், இறங்கி வருகிற வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு விளக்கு போடுகிற நேரத்தில் சந்தைக்குள் நுழைவான். கையில் ஒரு சிவப்புக் குடை இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு குடை எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தத் தீவில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தவிர, கூட்டத்தில் ஒருவர் வழி தவறினால் குடையைப் பார்த்துத்தான் திரும்பி வந்து சேர வேண்டும்.

சந்தை நடப்பது கடலை ஒட்டிய ஒரே ஒரு நீளத் தெருவில். பகலில் அங்கே லாரிகள் நிற்கும். லாரிகள் போனதும் தள்ளுவண்டிகள் வரும், தார்ப்பாய்கள் விரியும், ஜெனரேட்டர் உறுமும். சோளம் சுடுவார்கள், கணவாய் வறுப்பார்கள், கோழித்துண்டைக் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் காலடியில் ஓடும். வெளியூர்க்காரர்களுக்கு வாய் ஊறும், வயிறு பயப்படும். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் மூக்கனின் தொழில். எந்தக் கடையானாலும் முதல் வாய் அவனுடையது. தட்டை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடிப்பான், கண்ணை மூடி மோந்து பார்ப்பான், ஒரு வாய் போட்டு மென்று "ஆஹா!" என்பான். அப்புறம்தான் மற்றவர்கள் கை நீளும்.

சரக்கு சரியில்லை என்றால் முகம் சுளிக்க மாட்டான். தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்து, "நாளைக்கு வர்றோம்" என்பான். வெளியூர்க்காரர் காதுக்கு அது மரியாதையான விடைபெறுதல். சந்தைக்கு அது தீர்ப்பு. கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டுக் கடையை மூடு என்று பொருள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு வெளியூர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் போதும், கப்பல்காரர்கள் மொத்தத் தெருவுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் "மூக்கன் சொன்னால் சரி" என்பது அந்தத் தெருவின் சட்டமாகிவிட்டது.

அவனுடைய அக்காவும் அதே தெருவில்தான் மீன் பொரித்தாள். தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். கட்டிக்கொண்டவன் கடலோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒருமுறை அவளுடைய கூடை மீனையே மோந்து பார்த்துவிட்டு, கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் "நாளைக்கு வர்றோம்" என்று சொன்னவன்தான் இந்த மூக்கன். அக்கா கூடையைத் தூக்கிப் போய்க் கொட்டினாள். மறுநாள் அவன் வீட்டுக்கு வந்து, "ஐஸ்காரன் ஏமாத்திட்டான்டா. எனக்கே லேசா ஒரு சந்தேகம்தான். நீ அக்கான்னு பாக்காம சொன்னே பாரு, அதுதான்டா மூக்கு" என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ! அவன் பேர் ஊரில் பரவியதில் பாதி, அக்கா வாயால் பரவியது.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

முதலில் அவனுக்கே தெரியவில்லை. சளி என்று நினைத்தான். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். கொல்லைப்புறத்திலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? தெருமுனை வரைக்கும் அடிக்குது!"

அவன் பாத்திரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாக்கில் உப்பும் புளிப்பும் காரமும் மட்டும் மிச்சம் இருந்தன. மற்றதெல்லாம் வெறும் சூடு, வெறும் மெல்லல். வைத்தியர்கள் மாத்திரை கொடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்ததில் நம்பிக்கைதான் கரைந்தது.

"வேற வேலை பாருங்க. ஊரை ஏமாத்துற பொழப்பு நமக்கு வேணாம்" என்றாள் மனைவி.

"குடையை மடிச்சு வச்சுட்டா நான் யாரு? சொல்லு, நான் யாரு?" என்று கத்தினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளும் அதற்கு உடந்தை.

ஏமாற்றுவது என்று முடிவானால் மனிதனுக்கு எங்கிருந்தோ சாமர்த்தியம் வந்துவிடுகிறது. மூக்கு செத்த இடத்தில் அவனுக்குக் கண் முளைத்தது. தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தான். கெட்ட சரக்கு வைத்திருப்பவன் அதிகம் பேசுவான், தேவைக்கு மேல் சிரிப்பான். கை சும்மா இருக்காது, துடைத்த இடத்தையே துடைக்கும். கண் நேராகப் பார்க்காது. இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு கணவாய்க்காரனைப் பிடித்தான், கோழிக்காரரை ஒருமுறை பிடித்தான். இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது. சந்தை அசந்துபோயிற்று. மூக்கனுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று புகழ்ந்தார்கள். அவனுக்கும் தலைக்கனம் ஏறியது. மூக்கு எதற்கு, மனிதர்களைப் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று மனைவியிடமே பெருமை பேசினான். மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

இனி சொல்லப்போவது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாம் முன்னாலேயே தெரிந்துகொள்வோம். மேட்டில் இருக்கும் பெரிய ஓட்டலின் மேலாளர் ஒருநாள் காலையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். ஓட்டல் முற்றத்தில் சந்தைச் சாப்பாட்டுக்கென்று ஒரு கடை வைக்கப்போகிறார்கள். மேலே கூரை, புகை போகக் குழாய், குழாயைத் திறந்தால் தண்ணீர். அக்காவின் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"கப்பல் கூட்டத்தோட நானும் ஒரு ஆளா வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன். பிடிச்சிருந்தா உங்களுக்குத்தான். உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவர் பாசத்துல பேசிடுவார். அவர் வாயால சும்மா வர்ற வார்த்தைதான் எனக்கு வேணும்" என்றார்.

அக்காவுக்கு ஓட்டல் பெருமை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம்தான். ஆயுசு முழுக்க நின்றுகொண்டே பொரித்தவள். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "ஒரு நாளாவது ஸ்டூல் போட்டு உக்காந்து மீன் பொரிக்கணும்டா" என்று தம்பியிடம் சிரித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தார்ப்பாயின் கீழே ஸ்டூல் போட்டால் போகிற வருகிறவர்கள் காலில் இடறும். அந்த ஓட்டல் முற்றத்தில் இடம் இருந்தது.

கப்பல் வந்த அன்று அக்கா வெளுத்து மடித்து வைத்த புடவை ஒன்றை எடுத்துக் கட்டியிருந்தாள். மீனைப் படகுத்துறைக்கே போய்ப் பொறுக்கி எடுத்து வந்தாள். கண்ணாடி மாதிரி கண், சிவந்த செவுள். மூக்கன் சிவப்புக் குடையோடு கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்தான். அதில் தொப்பி போட்ட ஒருவர் பின்னால் நின்றார். அவரைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை.

"வாடா தம்பி, வாங்க, எல்லாரும் வாங்க! இன்னைக்கு மீன் எப்படி வந்திருக்கு தெரியுமா, உயிரோட வந்த மாதிரி! நானே போய் எடுத்தேன், நானே கழுவினேன், பாரேன், நீயே பாரேன்!"

பேச்சுக்குப் பேச்சு சிரித்தாள். மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். தட்டை நீட்டும்போது அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தாள்.

மூக்கன் அவள் முகத்தைப் படித்தான். அக்கா வாயாடி இல்லை. வியாபாரத்தில் சரக்கைப் புகழ்ந்து அவன் கேட்டதே இல்லை. தட்டை மூக்குக்கு நேராகப் பிடித்தான். ஒன்றும் வரவில்லை, சூடு மட்டும் முகத்தில் அடித்தது. ஒரு வாய் போட்டான். உப்பு, காரம், எலுமிச்சையின் புளிப்பு. கெட்ட நெடியை அமுக்கத்தான் இத்தனை எலுமிச்சையோ என்று தோன்றியது. பின்னால் கூட்டம் காத்திருந்தது. கூடப்பிறந்தவள் என்று விட்டுவிட்டு நாளைக்கு ஒருவர் படுத்தால் எல்லாம் போயிற்று. முன்பு ஒருமுறை அக்காவென்று பார்க்காமல் சொன்னதுதானே தன் பெருமை? அந்தப் பெருமை அவனைப் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நாளைக்கு வர்றோம்க்கா."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்துக் கடைச் சோளக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். தொப்பிக்காரர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்தார். சோளக்காரரிடம் நின்று ஒன்று வாங்கித் தின்றார், இன்னொன்றும் கேட்டு வாங்கினார். அக்கா எண்ணெயை இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். 

கொஞ்ச நாளில் சோளக்காரர் ஓட்டல் முற்றத்துக்குக் குடிபோனார். விஷயம் அப்போதுதான் சந்தைக்கே தெரிந்தது. மூக்கன் காதுக்கும் அது வந்தது. மீன் நிஜமாகவே கெட்டுத்தான் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல நம்பிக்கை வரவில்லை. அக்கா கடை போடுவதையே நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "என் மூக்கு போயிடுச்சு. கெட்ட மீன் எது நல்ல மீன் எதுன்னு தெரியாதவ எதுக்கு மீன் விக்கணும்?" என்றாளாம். அதைக் கேட்டுவிட்டு வந்து மூக்கன் மனைவி சோற்றுத் தட்டை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"போய்ச் சொல்லுங்க. உன் மூக்கு போகலைக்கா, என் மூக்குதான் போச்சுன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க."

அவன் போகவில்லை. நாளைக்குப் போகலாம், கப்பல் சீசன் முடியட்டும் என்று தள்ளினான். அந்த மனிதனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் அக்காதான் சொல்லி அனுப்பினாள், சாப்பிட வரச் சொல்லி. மத்தியானம் போனான். சின்ன வீடு, ஒரே அறை, சுவரோரம் கவிழ்த்து வைத்த பொரிக்கும் சட்டி. நாற்காலியில் உட்காரவைத்து, மேசையில் தட்டை வைத்தாள். முறுகப் பொரித்த மீன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தான். அக்கா எதிரே நின்றாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. கடை போன துக்கத்தில் அழுகிறாள் என்று அவன் முகத்தைப் படித்தான்.  அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. தட்டைத் தூக்கிக் கண்ணை மூடி ஆழமாக மோந்தான்.

"ஆஹா! என்ன வாசனைக்கா! வாசல்லயே தூக்குச்சு. உன் மூக்கு எங்கேயும் போகலை, சும்மா மனசை விட்டுடாதே."

 பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரைத் தட்டி, "என்னம்மா, செத்த எலியா? நாத்தம் தாங்கலையே!" என்று கத்தினார்கள்.

அக்கா குனிந்தாள். அவன் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சட்டியை இழுத்தாள். உள்ளே அழுகிக் கறுத்துப்போன மீன் குடல், மேலே ஈ மொய்த்திருந்தது.

அவன் கையில் இருந்த தட்டு மேசையில் விழுந்தது.

"அன்னைக்கு எல்லாத்தையும் கொட்டலைடா" என்றாள் அக்கா. "ரெண்டு மீனை எடுத்துட்டு வந்தேன். நான் எங்கே தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கணும்னு. பொரிச்சுத் தின்னேன். தேன் மாதிரி இருந்துச்சு. அப்பவும் உன்னைச் சந்தேகப்படலை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். எத்தனை நாள் தூங்காம கிடந்தேன் தெரியுமா? அப்புறம்தான் உன் மூக்கைச் சோதிச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு."

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதேக்கா. என் பொழப்பு..."

வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். மன்னிச்சுக்கோ என்பது கூட இல்லை. அவனுக்கே அது காதில் விழுந்தது.

"சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகுது? ஸ்டூல் திரும்பி வருமா?" முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. மூக்கு இல்லை, சரி. எதை வச்சுடா என் மீன் கெட்டதுன்னு முடிவு பண்ணே?"

அவன் தரையைப் பார்த்தான். "உன் முகத்தைப் பார்த்துதான். நிறையப் பேசினே, சிரிச்சே. என்னை நேரா பாக்கலை. நீ பயந்துபோய் எதையோ மறைக்கிறேன்னு நினைச்சேன்..."

"பயம் இல்லைடா அது. ஆசை." அக்காவின் குரல் ஏறவில்லை. "நான் ஆசைப்பட்டு நீ பார்த்ததே இல்லையா, அதான் உனக்கு அடையாளம் தெரியலை."

சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. மூக்கன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அறையில் இன்னும் நாற்றம் இருக்கிறதா, போய்விட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.