‘ஆளில்லாத’ கடற்கரை

தூத்துக்குடிக்கு வடக்கே ‘ஆளே இல்லாத கடற்கரை’ ஒன்று இருப்பதாக, போகும் வழியோடு ஃபேஸ்புக்கில் எழுதினேன். என் எழுத்தை மனைவிகூடப் படிப்பதில்லை. இதை மட்டும் ஊரே படித்து, வேன் பிடித்து வந்தது.

அடுத்த முறை போனபோது, அங்கே கரைவலை இழுக்கும் நண்பர் சூசை, பாதத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வெறுங்காலோடு பின்பக்கமாக நடந்தே இழுக்கிற வலை அது. மணலில் கிடந்த பீர் பாட்டில் துண்டு காலைக் கிழித்துவிட்டது. இழுக்காத நாளில் மீனில் பங்கும் கிடையாது.

“ஆளில்லாத கரைன்னு எழுதினியளாமே, அப்ப நாங்கல்லாம் யாரு அண்ணாச்சி? நண்டா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பதிவை அழித்தேன்; வேன்கள் வருவது நிற்கவில்லை. இப்போது ஞாயிறு மாலைகளில் சாக்கோடு போய்க் கண்ணாடி பொறுக்குகிறேன். எந்தக் கடற்கரை என்று மட்டும் கேட்காதீர்கள்.