கத்திரிப்பூ நிறம் போன மதியம்

கட்டைவிரல் பருமன். யாரோ அளந்து செதுக்கியதுபோல் சதுர முகங்கள். உள்ளே கத்திரிப்பூ நிறம். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில், ஒரு மதியம், அந்தக் கல்லை நான் வெறும் கண்ணாடித் துண்டாக ஆக்கினேன். வேதியியலுக்கு என் பங்களிப்பு அதுதான்; அதையும் சாப்பிடப் போன நேரத்தில் செய்தேன்.

ஆய்வகத்தின் தலைமை மேடம் என்னைவிட மூன்று வயது இளையவர். கீழப்பழுவூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நானோ முப்பத்தைந்து வயதிலும் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்த வாரம் அது. சுண்ணாம்புக்கல் குறைந்த சூட்டிலேயே வேக, புளோரைட் என்ற கல்லைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். லாரியில் வந்த குவியலிலிருந்து அந்த ஒன்றை மகளுக்கென்று பொறுக்கி வைத்திருந்தார் மேடம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரே போட்ட சட்டம்: சீட்டு ஒட்டாத கல் மேசையில் கிடந்தால் சோதனை உலைக்குப் போகும். பொடித்துத்தான் வைக்க வேண்டும்; சோம்பல்பட்டு முழுசாக வைத்துவிட்டுப் போனேன். நடுவில் கரண்ட் போய், உலை பாதிச் சூட்டிலேயே நின்றிருந்தது. ஆறியபின் திறந்தால் கல் இருக்கிறது, நிறம் இல்லை.

“அய்யோ சார்! பாப்பாவுக்கு வெச்சிருந்தேன். சீட்டு ஒட்டலன்னா என்னையும் தூக்கி உள்ள வெச்சுருவீங்களா?”

“நீங்க போட்ட ரூல்தான் மேடம்…”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நிரந்தரக் கடிதம் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் ஜன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைத்தார். இன்னொரு கத்திரிப்பூச் சில்லையும் என் வெளுத்த கல்லையும் சூட்டுத் தட்டில் வைத்தார். சற்று நேரத்தில் சில்லு தானாக ஒளிர்ந்தது. தீ இல்லை, புகை இல்லை. கல்லின் உள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் கசிந்தது.

“சுத்தமான புளோரைட்டுக்கு நெறமே கெடையாது சார். பக்கத்துப் பாறையில இருக்குற கதிரியக்கம் கோடிக்கணக்கான வருஷமா இடிச்சு, உள்ள இருக்குற புளோரின் அணுவை எடத்த விட்டுத் தள்ளிடும். காலி எடத்துல ஒரு எலக்ட்ரான் வந்து குந்திக்கும். அது வெளிச்சத்துல ஒரு பங்க முழுங்கிடும், மிச்சம்தான் நமக்குக் கத்திரிப்பூ. பச்சைக்கு வேற கதை, பெரும்பாலும் சமாரியம்னு ஒண்ணு துளி கலந்திருக்கும். சூடு பட்டா சிக்கிக்கிட்டிருந்த எலக்ட்ரான் எல்லாம் வூட்டுக்குத் திரும்பிடும். போறப்ப, சேத்து வெச்சதை வெளிச்சமா விட்டுட்டுப் போவும். ஒரே தடவதான்.”

என் கல் இருட்டாகவே கிடந்தது.

விளக்கைப் போட்டு, கடிதத்தில் கையெழுத்திட்டார். குறிப்பு எழுதும் இடத்தில் ‘சொன்னதை அப்படியே செய்வார்’ என்று எழுதினார். பாராட்டா, திட்டா? இன்றுவரை கேட்கத் துணியவில்லை. வெளுத்த கல்லையே மகளுக்கு எடுத்துப் போனார்.

இப்போது மேடம் பெரம்பலூருக்கு மாறிப் போய்விட்டார். அந்த நாற்காலியில் நான். உலைக்கதவை மூடும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது. மனிதர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு கல் சேர்த்து வைத்த வெளிச்சம் முழுவதும், மூடிய கதவுக்குப் பின்னால், பார்க்க ஒருவருமில்லாமல் கொட்டித் தீர்ந்திருக்கிறது. அந்நேரம் நான் கேண்டீனில் இரண்டாவது அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தேன்.