முப்பது மாடிகள்

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, எங்கள் தெருவில் பல வீடுகளுக்குக் கீழ்த்தளம் திண்ணையும் தூணுமாகத் தமிழ் வீடு, மாடி பால்கனியோடு பிரெஞ்சு வீடு. எங்கள் வீட்டில் மனிதர்களும் அப்படித்தான் பிரிந்திருந்தோம். கீழே நாங்கள், மேலே பெரியப்பா. அவருக்கும் அப்பாவுக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை. பழைய வீடுகளைக் காப்பாற்றுகிற சங்கத்தார் வந்து, அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால் வீட்டைச் செப்பனிட்டுத் தருகிறோம் என்றார்கள். அப்பா போட்டுவிட்டார். பெரியப்பாவோ இடித்துவிட்டு லாட்ஜ் கட்டலாம் என்று சொல்லிப் பேனாவைத் தொடவே இல்லை. வீடு இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அம்மா, ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப்போகும் குட்டி வீடுகளைச் செய்துகொண்டிருந்தாள். பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றி, காய்ந்ததும் வண்ணம் அடிப்பாள். அந்த மாதம் எங்கள் வீட்டையே உள்ளங்கை அளவில் முப்பது செய்துதரச் சொல்லிக் கடையில் கேட்டிருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு ஓர் அச்சு, மாடிக்கு ஓர் அச்சு. வண்ணம் அடித்து முடித்த அன்று, "கீழ் வேற, மாடி வேற பிரிச்சி வை. வந்து ஒட்டிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பசை வாங்கப் போனாள்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் எப்படிப் பிரிப்பது என்று எனக்கா தெரியாது? தேங்காய் வந்தாலும் மாம்பழம் வந்தாலும் பெரியப்பா பங்கை மேலே கொண்டுபோய்க் கொடுப்பவளே நான்தான். முப்பது மாடிகளையும் முறத்தில் அடுக்கிக்கொண்டு படியேறினேன்.

"பெரியப்பா, இது உங்க பங்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கீழ நீங்க என்னா பண்ணுவீங்க?"

"எங்களுது மொட்டையா நிக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்ததைத் திரும்ப முறத்தில் வைத்தார். பிறகு முறத்தைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே நானும் பின்னால் இறங்கினேன்.

கூடத்தில் அப்பா இருந்தார். அம்மா அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளைப் பார்த்து, "பால்கனிக்கு எதுக்கும்மா பழுப்பு அடிச்ச? மொதல்ல அது பச்சை" என்றார்.

"பச்சை இல்ல, நீலம்" என்றார் அப்பா. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

சண்டை மாடிக்கு ஏறியது. அப்பா பால்கனிக் கட்டையைக் கத்தியால் சுரண்டினார். பழுப்புக்கு அடியில் நீலம் வந்தது.

"பாத்தியாண்ணே?"

பெரியப்பா கத்தியை வாங்கி இன்னும் ஆழமாகச் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் பச்சை.

"இது நீ பொறக்கறதுக்கு முன்னடா" என்றார்.

அப்பா அந்த இடத்தை விரலால் தடவியபடி நின்றார். இருவரும் அப்புறம் வெகுநேரம் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே பெரியப்பா கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பால்கனி பச்சையாகத்தான் இருக்க வேண்டும், பொம்மையிலும்கூட.

முப்பது பால்கனிகளுக்கும் அம்மா மறுபடி வண்ணம் அடிக்க வேண்டியதாயிற்று. எல்லாம் என்னால் வந்த வினை என்று நான் மூலையில் ஒடுங்கிக் கிடந்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். முடித்த வேலையை மறுபடி செய்யச் சொன்னதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.